ஃபியட்டுக்கு ஒரு ஃபேன்

எங்கள் வீட்டில் மின்விசிறிகள் மூன்று வகை: ஓடுபவை, ஓடுவதாகச் சத்தம் மட்டும் போடுபவை, நான் ரிப்பேர் செய்தவை. ஹாலில் தொங்குவது மூன்றாவது வகை. அதற்குக் கண்டன்சர் மாற்ற வேண்டும் என்று மனைவி முதன்முதலில் சொன்னபோது மகன் அரை நிக்கர் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். கண்டன்சர் இன்னும் வந்தபாடில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒட்டடைக் கொம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் விசிறி சுற்றத் தொடங்கிவிடும். அடிக்கடி வரும் விருந்தாளிகள் யாரும் சொல்லாமலே கொம்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில், புதிதாக ஒரு மின்விசிறி வாங்க முடிவு செய்திருப்பதாக நான் அறிவித்தேன். மனைவியின் முகம் மலர்ந்தது. "காருக்கு" என்று வாக்கியத்தை முடித்தேன். அன்றைக்கு ரசத்தில் பருப்பு இல்லை.

கார் என்றால் பிரீமியர் பத்மினி. ஆர்.சி. புத்தகத்தில்தான் அந்தப் பெயர். தெருவில் அது ஃபியட், எங்கள் வீட்டில் 'அது'. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் இத்தாலிய ஃபியட் 1100ஐத் தயாரித்தது. 1964இல் வந்த மாடலுக்கு 'டிலைட்' என்று பேர். எழுபதுகளில் அதையே 'பிரசிடென்ட்' ஆக்கி, பிறகு 'பத்மினி' ஆக்கினார்கள். ஜனாதிபதி ராணியானாரே தவிர, பானெட்டுக்குக் கீழே அதே 1089 சி.சி. எஞ்சின்தான். நாற்பதை ஒட்டிய குதிரைத்திறன், ஸ்டீயரிங் கம்பத்தில் கியர், முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்கார ஒரே நீள சீட்டு. மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிகளில் கடைசியாகப் பதிவானதற்கும் இருபது வயது முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என்னுடையதற்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அதுவாகவே எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் கத்திப்பாரா பக்கம்.

காரணம் விசிறி. அந்தக் காலத்துக் கார்களில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு விசிறியை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. எஞ்சின் எத்தனை வேகமோ அதற்கேற்ற வேகம்தான் விசிறிக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டரில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து தண்ணீரைக் குளிரவைத்துவிடும். அப்போது விசிறி நின்றே போனாலும் பாதகமில்லை. ஆனால் அப்போதுதான் அது தலைதெறிக்கச் சுற்றும். கிண்டி சிக்னலில், மே மாத மதியத்தில், முன்னால் ஒரு தண்ணி லாரியும் பின்னால் ஒரு மாநகரப் பேருந்துமாக வண்டி அசையாமல் நிற்கும்போது காற்று அவசியம் தேவை. எஞ்சின் ஐட்லிங்கில் முனகுவதால் விசிறியும் அப்போது சோம்பல் முறிக்கும். "வேலை இல்லாத நேரத்தில் ஓடியாடி வேலை செய்வதும், தேவைப்படுகிற நேரத்தில் கண்ணயர்வதும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. நான் பேச்சை மாற்றினேன்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். நாற்பது குதிரை இழுக்கிற வண்டியில், ஒன்றிரண்டு குதிரைகள் நெடுஞ்சாலை முழுக்க யாருக்கும் வேண்டாத காற்றை அடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குதிரைகளுக்கும் புல் போடுவது நான்தான்.

ஆகவே மின்விசிறி. தண்ணீர் சூடானால் மட்டும் ஓடும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் முழு வேகத்தில் ஓடும், நெடுஞ்சாலையில் சும்மா இருக்கும். மெக்கானிக் பாயிடம் இந்தத் தத்துவத்தை விளக்கினேன். அவர் பீடியை ஓரமாக வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாருதி ஃபேன் போட்டுடலாம் சார். ரெண்டு மணி நேர வேலை."

தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் கிடைக்கும் விடை இது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் ஊர்க்காரர்கள் அதில் கவனித்தது சின்ன உருவத்தையும் பெரிய மைலேஜையும்தான். ஆனால் அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் குறுக்கே உட்கார்ந்தால் அதன் பெல்ட் சக்கரங்கள் பக்கவாட்டைப் பார்க்கும், ரேடியேட்டரோ முன்னால் பார்க்கும். இரண்டுக்கும் பெல்ட் போட்டு முடிச்சுப் போட முடியாது. அதனால் விசிறிக்குத் தனி மோட்டார் வைத்தே தீர வேண்டும். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் இதே சிக்கலை ரேடியேட்டரையே ஓரமாகத் திருப்பிவைத்துச் சமாளித்தார்கள். விசிறி வெப்பக் காற்றைச் சக்கரக் குழிக்குள் ஊதியது. ஜப்பான்காரர்கள் மோட்டார் வழியை எடுத்துக்கொண்டார்கள். அந்த மோட்டார்கள்தான் இன்றைக்குப் புதுப்பேட்டையில் மலைமலையாகக் குவிந்துகிடந்து, தமிழ்நாட்டின் கொதிக்கிற ஃபியட்டுகளுக்கும் அம்பாசடர்களுக்கும் அபயம் அளிக்கின்றன.

இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. ஆனால் எளிமையான விடையை உடனே ஏற்றுக்கொள்வது என் குலவழக்கம் அல்ல. பட்டப்படிப்பில் எனக்கு வரலாறுதான் பாடம். இயந்திரங்கள் விஷயத்தில் எனக்குள்ள துணிச்சலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மகனின் பழைய கிராஃப் நோட்டை எடுத்துவைத்து ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

முதல் கேள்வி அளவு. எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு அங்குலம் என்று விசிறிகள் கிடைக்கின்றன. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து நான் செய்யும் காரியங்களை மேம்படுத்திவிட்டுப் போவது என் மைத்துனன் வழக்கம். அவன் நோட்டை ஒரு பார்வை பார்த்தான்.

"ஒரு பெரிய ஃபேனுக்குப் பதிலா ரெண்டு சின்ன ஃபேன் போடுங்க மாமா. எட்டும் எட்டும் பதினாறு."

சபையில் இதற்குப் பலத்த ஆதரவு இருந்தது. எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் வட்டத்தின் கணக்கு வேறு என்று எஸ்.எஸ்.எல்.சி. காலத்து மூலையிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து சொன்னது. எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். இரண்டு போட்டால் 100. பதினாறு அங்குல வட்டம் ஒன்றே 201. பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று போட்டாலும் 113 வந்துவிடுகிறது. ஆக, இரண்டு எட்டு சேர்ந்தாலும் ஒரு பன்னிரண்டுக்குக்கூட ஈடாகாது. இதை மைத்துனனுக்கு நிரூபித்துக் காட்டிய மதியம் என் இல்லற வாழ்வின் மறக்க முடியாத மதியங்களில் ஒன்று. "அப்படியா?" என்றான் அவன். பிறகு ஹால் ஃபேனை நிமிர்ந்து பார்த்து, "இது எத்தனை இன்ச்சு மாமா?" என்று கேட்டான்.

அளவோடு விஷயம் முடிவதில்லை. பதினாறுக்குப் பதினாறு அங்குலச் சதுர ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 256. பன்னிரண்டு அங்குல விசிறியை அதன் முதுகில் அப்படியே ஒட்டிவைத்தால், தன் முகத்துக்கு நேரே உள்ள 113இல்தான் காற்று இழுக்கும். மூலைகள் வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கும். விசிறியைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு கட்டி, அதன் வாய் ரேடியேட்டர் முழுவதையும் மூடுமாறு, இடையில் ஓர் அங்குலமாவது இடைவெளியும் விட்டு அமைத்தால் நான்கு மூலையிலிருந்தும் காற்று வந்துதான் ஆக வேண்டும். இதைக் கடைகளில் ஷ்ரவுட் என்கிறார்கள். விசிறிக்கு ஆகும் யோசனையில் பாதியை இதற்குச் செலவழிப்பது நல்லது. ஆனால் யாரும் செலவழிப்பதில்லை, ஏனென்றால் தகரக் கூடு சுற்றுவதில்லை, சத்தம் போடுவதில்லை, நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'சி.எஃப்.எம்.' எண்ணையும் நம்பக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதன் கணக்கு அது. எதிரே தடையே இல்லாமல் வெட்டவெளியில் சுற்றவிட்டு எடுத்த அளவைத்தான் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்கு ஊடே இழுக்கும்போது அது வெகுவாகக் குறையும். மாப்பிள்ளை சம்பளம் என்று ஜாதகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் இதிலும் உண்டு.

அடுத்தது இடம். விசிறியை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அது காற்றைத் தள்ளும். பின்னால், எஞ்சின் பக்கம் வைத்தால் இழுக்கும். இழுப்பதுதான் மேல். முன்னால் வைத்தால் அதன் மோட்டாரும் இறக்கைகளும் நெடுஞ்சாலையில் இயல்பாக வரும் காற்றையே மறைக்கும். ஆனால் பின்னால் வைக்க இடம் வேண்டுமே! வாட்டர் பம்ப்பின் மூக்குக்கும் ரேடியேட்டரின் முதுகுக்கும் இடையே உள்ள சந்தில் என் கை போகும், ஸ்கேல் போகாது. இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் களிமண் உருண்டை வைத்து அளப்பதாகப் படித்திருந்தேன். பம்ப்பின் மூக்கில் உருண்டையை ஒட்டி, ரேடியேட்டரை அதன் இடத்தில் மாட்டி, திரும்பக் கழற்றினால், நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் இடைவெளி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் களிமண் இல்லை. ஆனால் சமையலறையில் ஈரத்துணி போட்டு மூடிவைத்த சப்பாத்தி மாவு இருந்தது.

மாவு மிக நேர்த்தியாக அளந்து கொடுத்தது. அன்றிரவு சப்பாத்தி எண்ணிக்கையில் குறைந்தபோது, எல்லோருக்கும் உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டதே என்று பொதுவாக ஒரு கருத்தைத் தெரிவித்தேன். மறுநாள் பானெட்டுக்குக் கீழே எறும்புகளின் ஊர்வலத்தைப் பார்த்த மகன் அதைத் தன் தாயிடம் காட்டிக்கொடுத்தான். பெற்ற பிள்ளை.

அளந்த இடைவெளி முழுவதையும் விசிறிக்குக் கொடுத்துவிடக் கூடாது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று பிரேக் அடித்தால் முன்னுக்கு ஒரு குலுக்கு குலுங்கும். சென்னையில் திடீரென்று அடிக்கப்படாத பிரேக் கிடையாது. முக்கால் அங்குலமாவது சும்மா விடவில்லையென்றால் பம்ப்பின் மூக்கு மோட்டாரின் முதுகில் இடித்து, மோட்டார் ரேடியேட்டரில் இடித்து, ஒரு ஃபேன் செலவு மூன்று செலவாகிவிடும்.

இனி மின்சாரம். இங்கேதான் என் கிராஃப் நோட்டு கண்ணீர் சிந்தியது.

வீட்டு சீலிங் ஃபேன், பழைய ரகம், 75 வாட். கார் விசிறி ஒன்று 100 வாட். அதாவது என் காருக்கு நான் வாங்க நினைத்தது ஹாலில் இருப்பதைவிட அதிகம் தின்னும் விசிறி. இந்தத் தகவலை வீட்டில் நான் வெளியிடவில்லை. வீட்டில் 230 வோல்ட் வருவதால் 100 வாட்டுக்கு அரை ஆம்பியர்கூட ஆகாது. காரில் இருப்பது 12 வோல்ட். அதே 100 வாட்டுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

கொடுப்பது யார்? டைனமோ. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச வரம்பு 22 ஆம்பியர். ராத்திரி மழையில் வீடு திரும்புவதாகக் கணக்குப் போட்டேன். இக்னிஷனுக்கு நாலு, ஹெட்லைட்டுக்கும் மற்ற விளக்குகளுக்கும் ஒன்பது, வைப்பருக்கு மூன்று, பிரேக்கில் காலை வைத்தால் பின் விளக்குகளுக்கு மூன்றரை. ஆச்சு பத்தொன்பதரை. விசிறிக்கு எட்டு சேர்த்தால் இருபத்தேழரை. ஹாரனை இன்னும் சேர்க்கவில்லை. சென்னையில் ஹாரன் என்பது ஹெட்லைட்டைப்போல் தொடர்ந்து எரிகிற சாமான். அதைவிடக் கொடுமை, டைனமோ அந்த 22ஐயும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான் கொடுக்கும். ஐட்லிங்கில் அது கொடுப்பது ஆசீர்வாதம் மட்டுமே. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதனால்தான். ஆக, பெல்ட் விசிறி எந்த சிக்னலில் கைவிட்டது என்று மின்விசிறியைத் தேடிப் போனேனோ, அதே சிக்னலில் மின்விசிறிக்குச் சோறு போட டைனமோ கைவிரித்துவிடும். விசிறி பேட்டரியைத் தின்னும். ரேடியேட்டர் குளுகுளுவென்று இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

"ஏங்க, அப்போ அந்த டைனமோவை மாத்திடுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதுதான் விடை. ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலும் உபயோகமான அளவு மின்சாரம் கொடுக்கும். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டரே 35, 45 ஆம்பியர் தரும். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் அறுபதுகளிலிருந்து இந்தச் சாமான்களைத் தயாரித்துவருவதால் உள்ளூரில் பஞ்சமும் இல்லை. மாட்டுவதற்கு ஒரு பிராக்கெட் செய்ய வேண்டும், பெல்ட் நேர்கோட்டில் வர வேண்டும், பழைய ரெகுலேட்டர் பெட்டியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. ஆகவே விசிறி வாங்கப் போன நான் முதலில் வாங்கியது ஆல்டர்னேட்டர். அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் ஃபேனா? இறக்கை எங்கே?" என்று கேட்ட மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

எல்லாக் கணக்கும் முடிந்து நோட்டோடு பாயிடம் போய் நின்றேன். அவர் நோட்டைத் தொடவில்லை, கையில் கிரீஸ். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார்.

"ஃபேன் கெடக்கட்டும் சார். இதுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"சாதாரணத் தண்ணிதான்."

"போர் தண்ணியா?"

போர் தண்ணிதான். எங்கள் பகுதியில் அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது, பருப்பு வேகாது, பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரைத்தான் வருடக்கணக்காக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் ஊற்றிச் சுடவைத்துக்கொண்டிருந்தோம். குழாய்களின் உட்சுவரில் உப்பு படிந்து, பாதிக் குழாய்கள் பேருக்குத்தான் குழாய்கள். தண்ணீரே போகாத குழாய்க்கு வெளியே எவ்வளவு காற்று அடித்து என்ன? ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் ஈயப்பற்று எடுத்துக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டுக் குடைந்தார்கள். உதிர்ந்த வெள்ளைப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். அதைப் பார்த்து, குடிதண்ணீருக்கு ஒரு வடிகட்டி இயந்திரம் வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. காட்டியிருக்க வேண்டாம்.

இனி கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. நம் ஊரில் தண்ணீர் உறைந்துபோகும் பயம் இல்லை. ஆனால் அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துக்காகவும், கொதிநிலை சில டிகிரி ஏறுவதற்காகவும் அது தேவை. மூடியும் சரியாக இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். ரப்பர் போன மூடி அந்தச் சலுகையை வீணாக்கிவிடும். மூடியின் விலை ஃபேன் விலையில் ஒரு துளி. அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை.

புதுப்பேட்டைக்கு மைத்துனனும் கூட வந்தான். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்தான். கடைக்காரர், "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். ஃபியட் என்றதும் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் கனிவு பரவியது. உள்ளே ஆள் அனுப்பி டீ சொன்னார். குவியலிலிருந்து பன்னிரண்டு அங்குல இறக்கையும் தட்டையான மோட்டாரும் உள்ள ஒன்றைத் தேடி எடுத்தோம். எந்தக் காரிலிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. "ஒரிஜினல் சார்" என்பது மட்டும் தெரிந்திருந்தது. தரையில் கிடந்த ஒரு பேட்டரியில் இரண்டு ஒயரைத் தொட்டார். விசிறி துள்ளி எழுந்து மைத்துனனின் சட்டையை நோக்கிப் பாய்ந்தது. அந்த நொடியே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்வகை மோட்டாரில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். "தள்ளுறதை இழுக்க வெச்சுக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். சுற்றும், காற்றும் வரும், ஆனால் அரைகுறையாக. இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே செய்யப்பட்டது. இழுக்க வேண்டுமானால் இழுக்கச் செய்ததையே வாங்க வேண்டும். மாட்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. வண்டியின் முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து முகத்தில் அடித்தால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் சோதனைக்கு எடுத்தது வீட்டு மின்கட்டண ரசீது. ஒட்டிக்கொண்டது. அதைப் பத்திரமாக எடுத்துவைக்கும்படி மகனிடம் சொன்னேன், கெடு அன்றைக்குத்தான்.

மாட்டுகிற விதத்தில் மைத்துனன் ஒரு யோசனை வைத்திருந்தான். ரேடியேட்டர் தகடுகளுக்கு ஊடே பிளாஸ்டிக் பட்டைகளைக் கோத்து விசிறியை இழுத்துக் கட்டிவிடலாமாம். அப்படிக் கட்டுவதற்கென்றே ஊசி போன்ற பட்டைகளை விற்கவும் செய்கிறார்கள். நம் சாலைகளில் அந்த விசிறி நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து மெல்லிய தகடுகளையும் பிறகு குழாய்களையும் அரம்போல் அறுத்துவிடும். இதற்கு நான் இணங்கவில்லை. தகரக் கூட்டின் நாலு பக்கமும் பட்டி வைத்து ரேடியேட்டரின் சட்டத்தில் போல்ட் போட்டார் பாய். மைத்துனன் ஒரு சனிக்கிழமை வரவில்லை.

எட்டு ஆம்பியரைச் சாதாரண சுவிட்ச் வழியாக அனுப்பக் கூடாது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விசிறி, அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஒயர் மெலிந்தால் வழியிலேயே ஒரு வோல்ட் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும், விசிறி அந்த அளவுக்கு மந்தமாகும். ரிலேயைத் தட்டி எழுப்ப ரேடியேட்டர் டேங்கில் ஒரு வெப்ப சுவிட்ச். 92 டிகிரியில் போடும், 87இல் அணைக்கும் ரகம் நம் ஊருக்குச் சரி. அதைத் திருகுவதற்கு ரேடியேட்டர் கடையில் பித்தளை மரை ஒன்று வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அது சமயத்தில் காலை வாரினால் கையால் போட டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சின் பொறுப்பு என் மனைவியிடம் இருக்கிறது. யாரும் ஒப்படைக்கவில்லை, எடுத்துக்கொண்டாள். இப்போது காரில் நாங்கள் பேசிக்கொள்வதே டெம்பரேச்சர் முள்ளைப் பற்றித்தான்.

"ஏங்க, முள்ளு ஏறுது."

"அது வெயில்."

"வெயில் வெளியே இருக்கு. முள்ளு உள்ளே இருக்கு." டிக். விசிறி ஓடும்.

முதலில் எலக்ட்ரீஷியன் வெப்ப சுவிட்சை பேட்டரியோடு நேராக இணைத்திருந்தார். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும், தண்ணீர் சூடாக இருந்தால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் காலிங்பெல் அடித்தது. செக்யூரிட்டி அண்ணன்.

"சார், வண்டி தானா ஓடுது."

வண்டி ஓடவில்லை, விசிறிதான் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மூன்றாம் மாடிக்காரர் என் காரின் பக்கத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டார். அதில் எனக்கு லாபம்தான், இடம் தாராளமாயிற்று. ஆனால் எஞ்சின் நின்றால் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும். விசிறி பெரும்பாலும் ரேடியேட்டரில் நிற்கும் தண்ணீரை மட்டும்தான் குளிரவைக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் சூடு அப்படியேதான் இருக்கும். அதற்காகப் பேட்டரியைக் காலி செய்வதில் அர்த்தமில்லை. சாவியோடு அணையும்படி இணைப்பை மாற்றினோம். கையால் போடும் சுவிட்சுக்கு டிசம்பரில் இன்னொரு வேலையும் கொடுத்தோம், விசிறியை அடியோடு அணைக்கும் வேலை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது சுற்றுகிற இறக்கை தண்ணீரில் சிக்கினால் இறக்கை உடையும், அல்லது மோட்டார் புகையும்.

இப்போது வண்டி கிண்டியில் கொதிப்பதில்லை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்ததாலா, விசிறியாலா என்று பாயைக் கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்றார், கணக்கு எழுதிக்கொண்டே. என் தீர்ப்பு: நகரத்துக்குள் ஓடுகிற பழைய வண்டிக்கு மின்விசிறி உசிதம். மலைக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறும்போது வண்டி மெதுவாகப் போனாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றும். அங்கே பழைய பெல்ட் விசிறி தன் சம்பளத்தை நியாயமாகவே சம்பாதிக்கிறது. அதற்கு ஃப்யூஸும் போகாது, ரிலேயும் ஒட்டிக்கொள்ளாது.

அந்தப் பெல்ட் விசிறி இப்போது எங்கள் பால்கனியில், துளசி மாடத்துக்குப் பின்னால் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. எடைக்குப் போட எனக்கு மனமில்லை, வைத்துக்கொள்ள வீட்டில் அனுமதியில்லை. ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் ஃபியட் வைத்திருக்கும் வாசகர் யாராவது கேட்டால் இனாமாகவே கொடுத்துவிடுவேன். கூடவே ஓடக்கூடிய டைனமோ ஒன்றும் ரெகுலேட்டர் பெட்டி ஒன்றும் உண்டு. சாயங்காலம் டிவியில் சீரியல் ஓடும் நேரத்தில் வந்து எடுத்துப்போவது எல்லோருக்கும் நல்லது. பதிலுக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், முக்கியமாகக் காருக்கு உபயோகப்படும் எதையும்.